வெள்ளாடு செம்மறியன்று: ஜொகூரில் ஆட்டுப்புழுவின் வரலாறு

ஆடு என்னும் சொல் இன்றைய தமிழில் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. பண்டைத் தமிழர் இவ்வாறு பொதுப்படச் சொல்லி அமைந்தவர் அல்லர். தொல்காப்பியத்து மரபியல் யாட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் கூறும். அதன் இளமைக்கு மறி என்னும் பெயரை வகுக்கும். சங்கப் பாடல்களில் செம்மறி ‘துருவை’ எனவும், வெள்ளாடு ‘வெள்ளை’ எனவும் வழங்கப்பெற்றன. மலைபடுகடாம் இவ்விரண்டும் கலந்து நிற்கும் மந்தையைக் காட்டுமிடத்தும், இரண்டையும் இரு பெயரால் பிரித்தே சொல்கிறது. மேய்க்கின்றவனுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல என்பது அக்காலத்துப் புலவனுக்கும் தெரிந்திருந்தது.

இச்சொல்லாராய்ச்சி ஈண்டு எதற்கு என்று ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். காரணம் உண்டு. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் வெள்ளாடு வளர்ப்போர் யாரைக் கேட்டாலும், ஆட்டை மிகுதியாகக் கொல்வது வயிற்றுப்புழு என்பர். மருந்து இருந்தும் கொல்கிறது. மேன்மேலும் மருந்து புகட்டியும் கொல்கிறது. இந்நிலைமை எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், மருந்தின் குறை சிறிதாகவும் மனிதரின் குறை பெரிதாகவும் தெரிகின்றது. வெள்ளாட்டைச் செம்மறியாக எண்ணினார்கள். ஜொகூரைக் கோடையுள்ள நாடாக எண்ணினார்கள். இவ்விரண்டு தவறான எண்ணங்களே அரை நூற்றாண்டுக் காலம் புழுவுக்குத் துணை நின்றன.

முதலில் புழுவை அறிந்துகொள்வோம். ஆட்டின் வயிற்றில் வாழும் புழுக்கள் பல. அவற்றுள் நாடாப்புழுவின் துண்டுகள் வெந்த அரிசிபோலப் புழுக்கையோடு வெளிப்படுவதால் எவர் கண்ணிலும் படும். அதனால் ஆட்டுக்காரர் அஞ்சுவதும் அதற்கே. உண்மையில் அது பெருந்தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாமல் நான்காம் வயிற்றின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதி குடிக்கும் ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்னும் உருண்டைப்புழு. நூல்போல் மெலிந்தது, ஓர் அங்குல நீளமே உள்ளது. குருதி நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை முறுக்கிக் கிடப்பதால், பெண்புழு சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கயிறு போலத் தோன்றும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடும். ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் குருதி 0.05 மில்லிலிட்டர் அளவே. ஆனால் ஐயாயிரம் புழு கொண்ட ஆடு நாள்தோறும் கால் லிட்டர் குருதியை இழக்கும் என்று கணக்கிட்டால், அதன் கொடுமை விளங்கும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் மொத்தக் குருதியே இரண்டு லிட்டருக்குச் சிறிது குறையவோ கூடவோதான் இருக்கும்.

இப்புழுவால் கழிச்சல் பெரும்பாலும் உண்டாவதில்லை. ஆகவே ஆட்டுக்காரர் ஐயுறுவதும் இல்லை. ஆடு சோர்ந்து மந்தையின் பின்னால் நடக்கும். கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். தாடையின் கீழ் நீர்கோத்துப் பைபோலத் தொங்கும். இத்தாடைவீக்கத்தைக் கண்டு தொண்டை நோய் என்று மஞ்சள் பற்றுப் போடுவோரும் உண்டு. சில நாளில் ஆடு விழுந்துவிடும். குட்டிகளும், ஈன்ற தாயாடுகளுமே முதலில் பலியாகின்றன. ஈற்றுக் காலத்தில் தாயின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் அதன் வயிற்றுப் புழுக்கள் மிகுதியாக முட்டையிடும்; அம்முட்டைகளால் மாசுபட்ட புல்லைத்தான் பிறந்த குட்டி முதன்முதலில் கடிக்கின்றது.

புழுவின் வாழ்வில் ஒரு பாதி ஆட்டுக்குள்ளும் மறுபாதி தரையிலும் கழிகின்றது. புழுக்கையோடு விழுந்த முட்டை பொரிந்து, இருமுறை தோலுரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடையும். அப்பருவத்துப் புழு தன் பழைய தோலைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டிருப்பதால் எதையும் உண்ண இயலாது. முன்பு சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே உயிர்வாழும். பனித்துளியும் மழைநீரும் புல்லில் படர்ந்திருக்கும்போது, அந்நீர்ப்படலத்தில் நெளிந்து சில அங்குல உயரம் ஏறி, ஆடு வந்து மேய்வதை எதிர்நோக்கும். ஆட்டினுள் சென்ற மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும்.

இனி நாட்டியல்பைப் பார்ப்போம். இராமநாதபுரத்திலும் சேலத்திலும் பங்குனி சித்திரையில் தரை வெந்து புழுதியாகும். அவ்வெயிலில் மேய்ச்சற் காடு தானே தூய்மை பெறும். எனவே மழைக்கு முன்னும் பின்னும் புழுமருந்து கொடுத்தால் போதும் என்பது அங்குப் பொருந்தும் நெறி. ஜொகூரில் அத்தகைய கோடை ஏது? ஆண்டு முழுவதும் மழை. ஆண்டு முழுவதும் வெப்பம். கார்த்திகை முதல் தை வரை வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங் கரையை அறைகின்றது. ஏனைய மாதங்களில் மாலை இடிமழை. புல் உலர்ந்து போகும் காலமே இல்லை. தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் பழைய நாட்காட்டியையும் உடன்கொண்டு வந்தனர். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று மருந்து கொடுக்கும் கணக்கு இம்மண்ணுக்கு ஒவ்வாதது. நடுப் பருவமென்றும் கடைப் பருவமென்றும் புழுவுக்கு இங்கு வேறுபாடு இல்லை.

ஆனால் இதே வெப்பம் புழுவுக்கு ஒரு பகையும் ஆகும். குளிர்நாட்டில் தொற்றும் பருவத்துப் புழு சோம்பிக் கிடந்து பல மாதம் வாழும். வெப்பநாட்டிலோ ஓயாது நெளிந்து, சேர்த்துவைத்த கொழுப்பை ஐந்தாறு வாரங்களில் செலவிட்டுவிட்டு மடியும். இக்குறிப்பை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் பயன்படும்.

வெள்ளாடு புல்மேயும் விலங்கன்று. தழை கடிக்கும் விலங்கு. முன்னங்காலைத் தூக்கி நின்று கிளையை எட்டுவதே அதன் இயல்பு. செம்மறி தலையைத் தாழ்த்தித் தரையை ஒட்டிப் புல்லைக் கரும்பும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தரையோடு பழகிய செம்மறியின் உடல், புழுவை எதிர்த்து நிற்கப் பழகியது. தலையுயர்த்தித் தின்ற வெள்ளாட்டுக்கு அத்தேவை குறைவாக இருந்தது. புழு ஏறும் உயரத்துக்கு மேலே அதன் உணவு இருந்தது. ஆகவே வெள்ளாட்டைப் புல்வெளியில் அடைத்துவிட்டால், கவசமின்றிப் போர்க்களத்தில் நிறுத்தியது போலாகும். செம்மறியைவிட அதற்கு எதிர்ப்பாற்றல் குறைவு; வருவதும் காலந்தாழ்த்தியே.

நம் முன்னோர் புழுவின் வாழ்க்கைச் சக்கரத்தை அறிந்தவர் அல்லர். எனினும் வெள்ளாட்டை அறிந்திருந்தனர். ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்னும் பழமொழியை மாணவர்க்கு அரைகுறை வேலைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் சொல்லிவருகிறோம். அது நியாயமன்று என்பது என் கருத்து. ஆட்டிடையன் கிளையை முழுதும் துணிக்காமல் பாதி வெட்டிச் சாய்த்துவிடுவான். ஆடு எட்டித் தின்னும் உயரத்தில் தழை தொங்கும். கிளையும் சாகாது பிழைக்கும். சோம்பல் என்று நாம் சிரித்த செயலில், ஆடு தரையிற் குனியாமல் உண்ணும் ஏற்பாடு இருந்தது.

மலாய்க் கம்பங்களில் வேறொரு நல்வழக்கம் இருந்தது. தூண்களின் மேல் இடைவெளிவிட்டு மரச்சட்டம் பரப்பிய பரண் கொட்டிலில் ஆடுகளை அடைப்பர். புழுக்கையும் மூத்திரமும் சட்டங்களின் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். காலையில் பனி உலர்ந்த பிறகே அவிழ்த்துவிடுவர். அவர்கள் வளர்த்தது காச்சாங் என்னும் சிறு நாட்டினம். பால்மரத் தோட்டங்களில் நம் தொழிலாளரும் லயத்தின் பின்புறத்தில் ஐந்தோ பத்தோ ஆடு வைத்திருந்தனர். முனியாண்டி கோயில் கிடாய்க்கும், திருமணத்துக்கும், திடீரென்று வரும் பணமுடைக்கும் அதுவே வைப்புநிதி. ஆடுகள் தோட்டத்து ஓரங்களிலும் சாலையோரத்திலும் செடிகொடிகளைக் கடித்துத் திரிந்தன. மந்தை சிறிது, இடம் பெரிது, உணவு பலவகை. புழு இருந்தது, கொள்ளை இல்லை.

கைவைத்தியமும் இருந்தது. கொட்டைப்பாக்கு, மாதுளை வேர்ப்பட்டை, பூசணி விதை, வேப்பிலை முதலியன நாட்டு மருத்துவத்தில் புழுவுக்குக் கூறப்பட்டவை. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுதல் தகாது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற மேனாட்டுக் கால்நடை மருத்துவரும் நெடுங்காலம் பயன்படுத்தியதே. மாதுளைப் பட்டையும் அவ்வாறே. ஆனால் இவற்றின் புகழ் பெரும்பாலும் நாடாப்புழுவைப் பற்றியது. கண்ணுக்குத் தெரிந்த புழுவுக்கு மருந்து கண்டனர். தெரியாத புழு தப்பியது. வேப்பிலையைத் தீவனமாகக் கொடுத்து மலேசியாவிலேயே ஆய்வுகள் நடந்துள்ளன. அதைத் தழைத்தீவனமாகக் கொள்வது நன்று. சோகையால் வெளுத்த ஆட்டுக்கு அதை மட்டுமே நம்பியிருத்தல் நன்றன்று.

மேனாட்டு மருந்தின் காலம் இருபதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. முதலில் மயில்துத்தமும் புகையிலைச் சாறும் கலந்து புகட்டினர். புழுவோடு சிலசமயம் ஆடும் மடிந்தது. பின்னர் பினோதையாசின் வந்தது. 1961-இல் தையாபெண்டசோல் வெளிவந்தபோது கால்நடை உலகம் களித்தது. குறைந்த அளவு போதும், விலங்குக்குத் தீங்கில்லை, பலவகைப் புழுவும் சாகும். அதைத் தொடர்ந்து 1960-களிலேயே லெவாமிசோல் குடும்பம் வந்தது. 1981-இல் ஐவர்மெக்டின் கடைக்கு வந்தது. ஜப்பானில் ஒரு கோல்ப் திடலின் அருகே எடுத்த ஒருபிடி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது. அதைக் கண்ட சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்மருந்துகளை ஆக்கியவர்களின் கண் எங்கிருந்தது? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கம்பளி தரும் கோடிக்கணக்கான செம்மறிகளின் மேல் இருந்தது. சந்தை அங்கே, ஆய்வும் அங்கே. புட்டியின் மேல் எழுதிய அளவு செம்மறிக்கு உரியது. வெள்ளாட்டுக்கும் அதையே ஊற்றினர்.

இங்கேதான் இயற்கை ஒரு சூழ்ச்சி செய்திருந்தது. தழை கடிக்கும் விலங்குக்குக் கசப்பும் துவர்ப்பும் நஞ்சும் கலந்த பல்வகை இலைகள் உணவு. அவற்றை முறிக்க அதன் ஈரல் வல்லமை பெற்றது. அந்த ஈரல் இலையின் நஞ்சை முறிப்பது போலவே மருந்தையும் விரைந்து முறித்து வெளியேற்றிவிடுகிறது. செம்மறியின் உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து வெள்ளாட்டின் உடம்பில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. இன்று கால்நடை மருத்துவர்கள் பெண்டசோல் குடும்ப மருந்தைச் செம்மறிக்குரிய அளவைப்போல் இருமடங்கும், லெவாமிசோலை ஒன்றரை மடங்கும் வெள்ளாட்டுக்குக் குறிப்பது இதனாலேயே. லெவாமிசோலில் அளவு மீறினால் ஆட்டுக்கே கேடு. ஆதலால் இதனைக் கைக்கணக்கால் செய்தல் ஆகாது.

அளவு குறைந்த மருந்து புழுவைக் கொல்வதில்லை, பொறுக்கி எடுக்கிறது. மெலிந்தவை சாக, மருந்தைத் தாங்குபவை எஞ்சுகின்றன. எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே அடுத்த மழையில் புல்லேறி நிற்கின்றன. பினோதையாசினுக்கு மசியாத புழுவை அமெரிக்காவில் கெண்டக்கியில் 1957-லேயே கண்டனர். தையாபெண்டசோல் வெளிவந்து மூன்றே ஆண்டில், 1964-இல், அதற்கும் மசியாத புழுவைப் பற்றி எழுதினர். எச்சரிக்கை அப்போதே எழுந்தது. கேட்டவர் சிலரே.

மலேசியாவில் 1980-களில் தோட்டத்து மரங்களின் கீழ் செம்மறி வளர்க்கும் திட்டங்கள் பெருகின. ஆஸ்திரேலியாவிலிருந்தும் செம்மறிகள் வந்தன. மந்தை பெரிதானது, வேலி வந்தது, அதே நிலத்தில் திரும்பத் திரும்ப மேய்ச்சல். ஜொகூரில் பால்மரம் போய்ச் செம்பனை பரவிய காலமும் அதுவே. லயத்துப் பின்புறத்துப் பத்து ஆடுகள் மறையத் தொடங்கின. அவற்றினிடத்தில் நூறு, இருநூறு என வேலிக்குள் அடைத்த பண்ணைகள் எழுந்தன. பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் வறண்ட வெளியில் உருவான போயர் இனமும் வந்து சேர்ந்தது. ஈரப்புல்லில் அதனைவிட்டு மாதம் ஒரு மருந்து என்றாயிற்று.

விளைவை அளந்தவர்கள் உண்டு. செர்டாங்கில் அன்று மலேசிய வேளாண் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கிய கல்விநிலையத்தினர், பெல்ஜிய அறிஞர் பியேர் டோர்னி முதலியோருடன் சேர்ந்து, தீபகற்ப மலேசியாவின் வெள்ளாட்டுப் பண்ணைகளில் மருந்துக்கு மசியாத புழு இருப்பதை 1994-இல் வெளியிட்டனர். ஈப்போவில் 1948 முதல் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சந்திரவதனி பஞ்சாட்சரமும் அவருடன் சேர்ந்தோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. பெண்டசோல் மருந்து பொய்த்துப்போன பண்ணைகளின் விகிதம் செம்மறிப் பண்ணைகளைவிட வெள்ளாட்டுப் பண்ணைகளிலேயே மிகுதி என்பது அதில் புலனாயிற்று. இருவேறு விலங்குக்கு ஒரே அளவு கொடுத்ததன் பயன் எண்ணாகவே வெளிப்பட்டது. 2004-இல் அவர் சுவீடனின் உப்சாலாவில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் பொருளும் இதுவே. அதே ஆண்டில் சபா மாநிலத்து அரசு இனப்பெருக்கப் பண்ணைகளைப் பற்றி அவரும் பிறரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘முற்றுந் தோல்வி’ என்று பொருள்படத் தொடங்குகிறது. கையிலிருந்த மருந்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அங்குப் பயனற்றுப் போயிருந்தன. ஓர் இனப்பெருக்கப் பண்ணையின் தோல்வி அப்பண்ணையோடு நிற்பதில்லை. அங்கிருந்து கிடாயும் பெட்டையும் சிறு குடியானவர்க்குப் போகின்றன. அவற்றின் வயிற்றில் மசியாத புழுவும் போகின்றது.

புது மருந்து வருமே என்பாரும் உளர். வந்தது. 2009-இல் மோனிபாண்டல் என்னும் முற்றும் புதிய மருந்து நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நான்கே ஆண்டில், 2013-இல், அதற்கும் மசியாத புழுவை அந்நாட்டிலேயே ஒரு பண்ணையில் கண்டு எழுதினர். அது வெள்ளாடும் செம்மறியும் சேர்த்து வளர்த்த பண்ணை என்பது கருதத்தக்கது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் இப்புழுவுக்கெனத் தடுப்பூசியும் வெளிவந்தது. அதுவும் செம்மறிக்கென்றே பதிவு பெற்றது!

ஆகவே மருந்தைச் சிக்கனமாகக் கையாளும் வழிகளை உலகம் தேடலாயிற்று. அவற்றுள் எளியது தென்னாப்பிரிக்கர் கண்ட இமைநோக்கு முறை. பாஃபா மாலன் என்னும் கால்நடை மருத்துவர் பெயரால் ‘பமாச்சா’ எனப்படும் வண்ண அட்டை அது. ஆட்டின் கீழிமையைத் திருப்பி, உட்புறத்தின் சிவப்பை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டா, வெளுத்திருந்தால் வேண்டும். மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றிலேயே குவிந்திருக்கும் என்பது இம்முறையின் அடிப்படை. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் புகட்டாமையால், மருந்தை அறியாத புழுக்களும் நிலத்தில் எஞ்சும். அவை மசியாதவற்றோடு கலந்து அவற்றின் பெருக்கத்தைத் தணிக்கும். முன்பு, மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்து உடனே புதுப் புல்வெளிக்கு மாற்றுக என்று நூல்கள் அறிவுறுத்தின. அவ்வாறு செய்தால் புதுப் புல்வெளியில் விதைக்கப்படுவது மசியாத புழு மட்டுமே என்பது பின்புதான் விளங்கியது.

மேலே நினைவில் இருத்தச் சொன்ன குறிப்பு இங்குப் பயன்படுகிறது. ஈரவெப்ப நாட்டில் தொற்றும் புழு ஐந்தாறு வாரங்களில் மடியும் அன்றோ? அதைக் கொண்டு பசிபிக் கடலின் தொங்காத் தீவில் பார்கர் முதலியோர் ஒரு சோதனை செய்து 1994-இல் வெளியிட்டனர். மேய்ச்சல் நிலத்தைப் பத்து அடைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெள்ளாடுகளை மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டனர். முட்டை பொரிந்து தொற்றும் பருவம் அடையுமுன் மந்தை அடுத்த அடைப்புக்குப் போய்விடும். முப்பத்தைந்தாம் நாள் திரும்பி வரும்போது புழுக்களில் பெரும்பாலானவை மடிந்திருக்கும். ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட, இவற்றின் புழுமுட்டை எண்ணிக்கை பாதிக்கும் குறைவாயிற்று. தொங்காவின் மழையும் வெப்பமும் ஜொகூருக்கு அயலானவை அல்ல. நிலம் குறுகியவர்க்குப் பத்து அடைப்பு என்பது பெருஞ்செலவு என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்க்குப் பழைய பரணே சிறந்தது. ஆனால் அறுத்துக் கொண்டுவந்து கொடுக்கும் புல், ஆடு மேய்ந்த சதுப்பிலிருந்து விடியற்காலையில் அறுத்ததாக இருப்பின், பரணேறியும் பயனில்லை. புழுவைச் சுமந்து மேலே கொண்டுபோனதாகவே முடியும். வெயிலேறிய பின் உயரத்தில் அறுத்த புல்லும், பலா இலை போன்ற தழைகளும் கட்டித் தொங்கவிடத் தக்கவை.

இன்னொன்று பூஞ்சை. டட்டிங்டோனியா என்னும் பூஞ்சை சாணத்திலும் புழுக்கையிலும் வலைபின்னி, நெளியும் புழுக்களைப் பிடித்துத் தின்னும். அதன் வித்துக்களைத் தீவனத்தில் கலந்தால் வயிற்றில் அழியாமல் புழுக்கையோடு வெளியேறி அங்கே முளைக்கும். ஈப்போ ஆய்வாளர் இதனை மலேசியாவில் சோதித்துப் பயன் கண்டனர். விற்பனைப் பொருளாக அது ஆஸ்திரேலியாவில் 2018-இல் பதிவாயிற்று. நாள்தோறும் தீவனத்தில் கலக்கவேண்டியிருப்பதால், பரணிலோ கொட்டிலிலோ வைத்து ஊட்டுவோர்க்கே அது பெரிதும் ஏற்கும்.

தன் பண்ணையில் எம்மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதை ஆட்டுக்காரர் ஊகிக்க வேண்டியதில்லை. மருந்து புகட்டும் நாளிலும், பதினான்கு நாள் கழித்தும், அதே ஆடுகளின் புழுக்கையை எடுத்து ஜொகூர் பாருவிலுள்ள கால்நடைத் துறை ஆய்வுக்கூடம் போன்ற ஓரிடத்தில் முட்டைகளை எண்ணச் செய்யலாம். எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைந்திருக்க வேண்டும். குறையாவிடில் அம்மருந்து அம்மந்தைக்கு உதவாது. புதிதாக வாங்கிவந்த கிடாயைத் தனியே கட்டிவைத்து, இச்சோதனை முடிந்த பின்னரே மந்தையில் விடுதல் வேண்டும்.